கல் எடுத்த துளையில் மூத்திரக் கசிவு நிற்கவில்லை, வழி சொல்லுங்கள்

குலசேகரம் பக்கம் நாங்கள். அப்பாவுக்கு வயது 58, ரப்பர் பால் வெட்டும் வேலை, சுகர் உண்டு. இடது சிறுநீரகத்தில் கிளைவிட்டு வளர்ந்திருந்த பெரிய கல்லை ஆவணியில் முதுகுப்பக்கம் துளை போட்டு எடுத்தார்கள். டியூபை உருவிய பிறகு ஓரிரு நாள் கசியும், தானாக மூடிவிடும் என்றார்கள், சரி என்று இருந்தோம். ஐப்பசியும் முடியப்போகிறது, இன்னும் மூடவில்லை. படுக்கை நனைகிறது, துளையைச் சுற்றித் தோல் வெந்துபோயிருக்கிறது, இடையிடையே குளிர்காய்ச்சல். மனுஷன் வெளியே இறங்கவே கூச்சப்படுகிறார், பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

கசியும் நீரில் கிரியாட்டினின் (சிறுநீரகம் மூத்திரத்தில் வெளியேற்றும் கழிவு) ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு, ஆக மூத்திரமேதான். நாகர்கோவிலில் எடுத்த சிடி ஸ்கேனில், மீதமிருந்த கல் துண்டு ஒன்று யூரிட்டரில் (சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு இறங்கும் குழாயில்) சிக்கியிருந்தது தெரிந்தது. கீழே அடைப்பு இருக்கும்வரை மேலே துளை மூடாதாம். அதை எடுத்து மூத்திரம் தடையில்லாமல் இறங்க அந்தக் குழாய்க்குள் டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய டியூப் வைத்தார்கள், கல்ச்சர் (எந்தக் கிருமி என்று அறியும் டெஸ்ட்) பார்த்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், காசநோய் டெஸ்டும் பார்த்தாயிற்று, அது இல்லை. கசிவு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

இரண்டு சிறுநீரகமும் எவ்வளவு பங்கு வேலை செய்கின்றன என்று காட்டும் டிடிபிஏ ஸ்கேனில் இடது பக்கம் 18 சதவீதம்தான் வேலை செய்கிறது, வலது நன்றாக இருக்கிறது. ஒரு டாக்டர் இடது சிறுநீரகத்தையே எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் ஸ்டென்டோடு மூத்திரப்பைக்கும் கதீட்டர் (மூத்திரம் வடியும் டியூப்) போட்டு, உள்ளே அழுத்தத்தைக் குறைத்துக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். பச்சிலை, எண்ணெய் வைத்தியம் மட்டும் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.

இவ்வளவு குறைவாக வேலை செய்யும் சிறுநீரகத்தை எடுக்காமலே, நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ இந்தக் கசிவு மூடிக் குணமானவர்கள் யாராவது உங்களில் உண்டா?