தேதி வைத்துத் தேடினால் தப்பான செய்தி வருகிறது, முன்னோட்டத்திலும் கேள்விக்குறி: உதவி தேவை

காசிமேடு_கடலோரம்:
வணக்கம் நண்பர்களே. காசிமேடு, ராயபுரம் பக்கத்துச் செய்திகளுக்காகச் சின்னதாக ஒரு தளம் நடத்துகிறேன். பிஎச்பி மொழி, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ், பலர் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங் சர்வர். நான் புரோகிராமர் இல்லை, ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். தளத்தைக் கட்டிக்கொடுத்த தம்பி வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான்.

முதல் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே செய்தியின் முதல் 150 எழுத்து வரும். சிலவற்றில் கடைசியில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி நிற்கிறது. எல்லாவற்றிலும் வந்தாலாவது புரியும், சிலவற்றில் மட்டும்தான் வருகிறது.

அடுத்தது தேதி. வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. 2024 தடைக்காலச் செய்திகளை மட்டும் ஒரு பக்கத்தில் காட்ட ஆசை. 15-04-2024 முதல் 14-06-2024 வரை என்று பிட்வீன் போட்டால் ஒன்றுகூட வரவில்லை. சரி என்று 01-04-2024 முதல் தேடினால், 2023 டிசம்பர் 10 அன்று போட்ட எண்ணூர் எண்ணெய்க் கசிவுச் செய்தி வந்து நிற்கிறது! மண்டை காய்கிறது.

பேசின்பிரிட்ஜ்:
தேதி ஃபீல்டு வார்கார் (வெறும் எழுத்து வகை) தானே? ஒரு ரெக்கார்டை அப்படியே எடுத்துப் போடுங்கள்.

காசிமேடு_கடலோரம்:
ஆமாம் அண்ணா, வார்கார்தான். தலைப்பு: 'ஞாயிறு ஏலம்: வஞ்சிரம் விலை ஏற்றம்'. தேதி: '20-07-2024 22:10'.

பழைய_வண்ணை:
தம்பி, உங்கள் டேட்டாபேஸுக்கு அது தேதியே இல்லை, வெறும் எழுத்து. அகராதியில் சொல் தேடுகிற மாதிரி இடமிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கிறது. '15-04' என்பதில் 15, '14-06' என்பதில் 14. தொடக்கம் முடிவைவிடப் பெரிதாகிவிட்டது, அப்புறம் நடுவில் என்ன கிடைக்கும்? 01 முதல் 14 வரை என்று கேட்டபோது, எந்த மாதமாக இருந்தாலும், எந்த வருடமாக இருந்தாலும், அந்த நாட்களில் வந்தவை அநேகமாக எல்லாம் உள்ளே வந்துவிடும். டிசம்பர் 10 வந்தது அப்படித்தான்.

முதலில் பேக்கப். பிறகு டேட்டைம் வகையில் புது ஃபீல்டு ஒன்று சேருங்கள். ஸ்ட்ர்_டு_டேட் கொண்டு பழைய எழுத்தைத் தேதியாக மாற்றி அதில் நிரப்புங்கள். வடிவம் சொல்லும்போது நிமிடத்துக்கு ஐ போட வேண்டும், சின்ன எம் என்றால் மாதம். பாதிப் பேர் அங்கேதான் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கியிருக்கிறேன். வடிவம் பொருந்தாத ரெக்கார்டுகளில் நல் (வெற்று மதிப்பு) விழும், சில சர்வரில் பிழையே காட்டும். எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பழைய ஃபீல்டை இப்போதைக்கு அழிக்காதீர்கள்.

இனிக் கேட்கும்போது வருடம் முதலில்: '2024-04-15'. அப்புறம், தேடல் பெட்டியில் வருவதை அப்படியே க்வெரியில் ஒட்டியிருந்தால் அதையும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டாக (க்வெரி தனி, மதிப்பு தனி என்று அனுப்பும் முறை) மாற்றிவிடுங்கள். எவனாவது ஒரு நாள் அந்தப் பெட்டி வழியாக மொத்த டேபிளையும் காலி செய்துவிடுவான்.

எண்ணூர்_லோக்கல்:
கேள்விக்குறிக்குக் காரணம் சப்ஸ்டர், அதாவது முன்னோட்டத்தை வெட்டுகிற பிஎச்பி ஃபங்ஷன். அது எழுத்தை எண்ணாது, பைட்டைத்தான் எண்ணும். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். இடைவெளியும் இலக்கமும் 1 பைட். அதனால் 150ஆவது பைட் சில செய்தியில் சரியான இடத்தில் விழும், சிலவற்றில் எழுத்தின் நடுவே வெட்டும். பைட்டை விட்டுக் குறியை எண்ணுகிற எம்பி_சப்ஸ்டர் போடுங்க, சரியாகிடும்.

காசிமேடு_கடலோரம்:
கேள்விக்குறி போய்விட்டது, நன்றி! ஆனால் ஒரு செய்தி 'வஞ்சிரம' என்று முடிகிறது. புள்ளியைக் காணோம். இன்னொரு தொல்லை, சில நாள் ஒரு செய்திக்குக் கீழே பக்கம் முழுக்க எழுத்து தடித்துப்போகிறது.

பழைய_வண்ணை:
எம்பி_சப்ஸ்டருக்கு 'ம்' ஓர் எழுத்து இல்லை, மகரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு குறி. 'கி'யும் அப்படித்தான். பிஎச்பியில் இன்டிஎல் என்ற கூடுதல் நீட்சி இருந்தால் கிராஃபீம்_சப்ஸ்டர் முழு எழுத்தாக வெட்டும். ஆனால் சொல் பாதியில் அறுந்தால் படிக்கவும் நன்றாக இருக்காது. 150 எடுத்து, அதில் கடைசி இடைவெளி எங்கே என்று பார்த்து அதோடு நிறுத்தி மூன்று புள்ளி வையுங்கள். நீட்சியே வேண்டாம்.

தடித்த எழுத்துக்குக் காரணம், தடிப்பு டேக் திறந்த பிறகு, மூடும் டேக் வருவதற்குள் நீங்கள் வெட்டிவிடுகிறீர்கள். முதலில் ஸ்ட்ரிப்_டேக்ஸ், பிறகு வெட்டு.

காசிமேடு_கடலோரம்:
முன்னோட்டம் முத்து மாதிரி இருக்கிறது அக்கா. தேதியும் மாற்றிவிட்டேன். இரண்டு சந்தேகம். 37 ரெக்கார்டில் நல். தடைக்காலப் பக்கத்தில் ஜூன் 13 வரைதான் வருகிறது. தடை முடிந்து நள்ளிரவில் படகு கிளம்புவதற்கு ஏற்பாடு நடந்த ஜூன் 14 செய்திகள்தான் முக்கியம், அவை ஒன்றுமே இல்லை.

பேசின்பிரிட்ஜ்:
'2024-06-14' என்றால் 14 பிறக்கிற நள்ளிரவு 00:00. அதற்குப் பின் வந்தது எல்லாம் வெளியே. பிட்வீனை விடுங்கள். ஏப்ரல் 15க்குச் சமம் அல்லது பெரியது, ஜூன் 15ஐவிடச் சிறியது என்று எழுதுங்கள். டேட் ஃபங்ஷனுக்குள் ஃபீல்டைப் போட்டாலும் விடை வரும், ஆனால் தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் வேலை செய்யாது.

இன்னொன்று. மேலே ஒரு ரெக்கார்டு காட்டினீர்களே, 'ஞாயிறு ஏலம்', தேதி 20-07-2024, இரவு 22:10. அன்றைக்குச் சனிக்கிழமை. ஞாயிறு ஏலம் சனி ராத்திரியே எப்படி நடந்தது?

காசிமேடு_கடலோரம்:
அட! நான் ஞாயிறு விடியற்காலை மூன்றே முக்கால் மணி வாக்கில் துறைமுகத்தில் நின்றபடி போனில் ஏற்றியது அது.

பேசின்பிரிட்ஜ்:
22:10உடன் ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள், 03:40. சர்வர் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். உங்கள் விடியற்காலைச் செய்தி எல்லாம் முதல் நாள் கணக்கில் போயிருக்கும். எல்லா ரெக்கார்டுக்கும் 5:30 கூட்டிவிடுங்கள்.

காசிமேடு_கடலோரம்:
எல்லாவற்றுக்குமா அண்ணா? அந்த 37ஐப் பார்த்தேன். '14/06/2024 18:30' என்று சாய்கோடு போட்டிருக்கிறது. என் தங்கை பிஎச்பிமைஅட்மினில் (டேட்டாபேஸை நேரடியாகத் திருத்தும் பக்கம்) நேராக உட்கார்ந்து அடித்தவை. அவள் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அடித்திருப்பாள்.

பேசின்பிரிட்ஜ்:
நல்ல வேளை கேட்டீர்கள். நான் சொன்னது தப்பு. சாய்கோடு போட்டவற்றுக்குக் கூட்டாதீர்கள்.

பழைய_வண்ணை:
பழைய ஃபீல்டை வைத்திருக்கச் சொன்னது இதற்குத்தான். அதில் சாய்கோடு இருந்தால் தங்கை, சிறுகோடு இருந்தால் சர்வர். சாய்கோட்டை அதற்கான வடிவம் கொடுத்து மாற்றுங்கள், நேரத்தைத் தொடாதீர்கள். சிறுகோட்டுக்கு மட்டும் 5:30, அதுவும் ஒரே ஒரு முறை. இரண்டாம் முறை ஓட்டினால் பதினொரு மணி நேரம் தள்ளிப் போய்விடும். அதே கையோடு பிஎச்பியில் நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா ஆக்குங்கள். மைஎஸ்கியூஎல் தானாக நேரம் போடும் இடம் இருந்தால், இணைப்பு தொடங்கும்போதே +05:30 என்று சொல்லிவிடுங்கள்.

காசிமேடு_கடலோரம்:
முடிந்தது. தடைக்காலப் பக்கத்தில் ஜூன் 14 வந்துவிட்டது, அதில் கடைசிச் செய்தி தங்கை போட்டதுதான். ஞாயிறு ஏலம் ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்துவிட்டது. ஃபார்மில் காலண்டரும் வைத்துவிட்டேன், இனி யாரும் தேதியைக் கையால் அடிக்க முடியாது. தங்கைக்குத்தான் கோபம், "என் கோட்டில் என்ன தப்பு" என்கிறாள்.