ஒரே கேப்ஸ்யூல்: தம்பிக்கு நல்ல தூக்கம், எனக்குத் தலைச்சுற்றல். பெண் என்பதாலா?

கயல்:
எனக்கு மார்பகப் புற்றுநோய், தம்பிக்குப் பெருங்குடலில். ஒரே வருடத்தில் இருவருக்கும் வந்துவிட்டது. கீமோவுக்குப் பிறகு வாந்தி அடங்கவில்லை என்று இரண்டு பேருக்கும் கஞ்சாவில் இருக்கும் இரண்டு பொருட்களான டிஎச்சி (போதை தருவது) 2.5 மில்லிகிராம், சிபிடி (போதை தராதது) 2.5 மில்லிகிராம் கலந்த கேப்ஸ்யூலை மருத்துவர்கள் எழுதித் தந்தார்கள்.

தம்பி முதல் நாளே தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான், விடியும்வரை தூங்கினான். எனக்கு ஒன்றேகால் மணி நேரம் எதுவுமே தெரியவில்லை. அப்புறம் முகம் கழுவப் போனவள் வாஷ்பேசினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. குமட்டல் குறைந்தது உண்மை, ஆனால் வலி அப்படியே இருக்கிறது. "நீ பயப்படறதாலதான் அக்கா" என்கிறான் தம்பி. நான் பயப்படவில்லை. பெண் உடம்பில் இது வேறு மாதிரி வேலை செய்கிறதா? இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருந்துக்கவுண்டர்:
கயல் அக்கா, இருபது வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். நீங்கள் சொல்வதை மனப்பிரமை என்று யாராவது ஒதுக்கினால் எனக்குக் கோபம்தான் வரும்.

வாய்வழி எடுக்கும் டிஎச்சியைக் கல்லீரல் 11-ஹைட்ராக்ஸி டிஎச்சி என்ற இன்னொரு வீரியமான பொருளாக மாற்றுகிறது. ஒரே அளவைக் கொடுத்தாலும் பெண்களின் ரத்தத்தில் இவற்றின் அளவு கூடுதலாக இருந்ததைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தூக்க மருந்து சோல்பிடெமிலும் இப்படித்தான்: பெண்களின் உடம்பிலிருந்து அது மெதுவாக வெளியேறுகிறது என்று 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பெண்களுக்கான அளவை 10-லிருந்து 5 மில்லிகிராமாகக் குறைத்தது. கஞ்சா மருந்துக்கு அப்படி ஒரு தனி அளவு இல்லை.

வலி விஷயம் இன்னும் சிக்கலானது. 2016-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸிவா கூப்பரும் மார்கரெட் ஹேனியும் 21 ஆண்கள், 21 பெண்களுக்குக் கஞ்சா புகைக்கக் கொடுத்து, கையைக் குளிர்நீரில் வைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஆண்களுக்கு வலி உணர்வு குறைந்தது, பெண்களுக்குக் குறையவில்லை. போதை உணர்வு மட்டும் இருவருக்கும் ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் அவர்கள் தினமும் புகைப்பவர்கள், புற்றுநோயாளிகள் அல்ல. எலிகளிலோ நேர்மாறு: பெண் எலிக்குத்தான் டிஎச்சி வலியை அதிகம் குறைக்கிறது, ஆனால் தொடர்ந்து கொடுத்தால் அதற்குச் சீக்கிரம் பழகிப்போகிறது. அதனால் "பெண்களுக்கு வலி போகாது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன். கீமோ நாட்களில் உங்களுக்கு அப்ரெபிடன்ட் என்ற வாந்தி மருந்து தருகிறார்களா? தம்பிக்கும் உண்டா? டிஎச்சியை உடைக்கும் நொதிகளில் ஒன்றான சிஒய்பி3ஏ4-ஐ அது மட்டுப்படுத்தும், அதனால் டிஎச்சி ரத்தத்தில் கூடக்கூடும். வித்தியாசம் அங்கேயும் இருக்கலாம்.

நதிக்கரை:
எனக்கும் இதே கதைதான் அக்கா. மருத்துவரிடம் சொன்னதும் பகல் வேளை இரண்டையும் நிறுத்திவிட்டு, படுக்கப்போகும் முன் ஒன்று மட்டும் போதும் என்றார். தலைச்சுற்றல் போனது. எத்தனை மணிக்கு எடுத்தேன், எப்போது பிடித்தது, எப்போது விட்டது என்று குறித்துவைத்துக் காட்டியதால்தான் அவர் நம்பினார். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் "ஒன்றும் ஆகலையே" என்று இன்னொன்றைப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன், அன்று ராத்திரி முழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தேன்.

கயல்:
சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். எனக்கு அப்ரெபிடன்ட் இருக்கிறது, தம்பிக்கு இல்லை! முதல் கேப்ஸ்யூலை நான் எடுத்ததும் அதே வாரம்தான். இது யாருக்குமே தோன்றவில்லையே. கீமோ முடிந்ததும் மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் மாத்திரையைத் தொடங்கலாம் என்றிருக்கிறார்கள், அதோடு இது சேருமா?

மருந்துக்கவுண்டர்:
அதையும் கட்டாயம் கேளுங்கள். டமாக்சிஃபென் வேலை செய்ய சிஒய்பி2டி6 என்ற நொதி வேண்டும், சிபிடி அதைத் தடுக்கக்கூடும். இப்போது வாந்திக்குத் தரும் மருந்துகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். நாளைக்கே இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். தம்பியையும் கூட்டிப்போங்கள், அவரும் கேட்கட்டும்.

கயல்:
வருகிறேன் என்றான். நோட்டில் தேதி போட்டு முதல் பக்கத்தை எழுதிவிட்டேன்.