படித்திரிபு: நாலாவது சொல் ஒன்று

அன்பின் நண்பர்களுக்கு,

இணையச் சேவை ஒன்றின் ஏபிஐயும் (மற்ற நிரல்கள் அந்தச் சேவையோடு பேசும் வாசல்), அதை அழைப்பதற்கென்று இயந்திரமே எழுதித் தந்த நிரலகமும் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) ஒத்துப்போகாத நிலையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று போன கிழமை ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். பொருத்தமின்மை, விலகல், பாடபேதம் என்று மூன்று சொற்கள் வந்தன. நான் நாலாவதாகப் படித்திரிபு என்பதை முன்வைக்கிறேன்: படி என்றால் நகல், திரிபு என்றால் மாறிப்போதல். (லைப்ரரி என்பதை நூலகம் என்று எழுதாமல் நிரலகம் என்கிறேன். நூலகம் என்றதும் நம்மவர் மனம் யாழ்ப்பாண நூலகத்துக்குப் போய்விடும்.)

திருகோணமலைக்குப் பக்கத்தில் கடற்கரை ஊரான உப்புவெளியில் சில விடுதிகளுக்கு முன்பதிவு மென்பொருள் செய்து கொடுக்கிறேன். ஓகஸ்டில் கடல் அமைதியாக இருக்கும், அறைகள் நிறைந்திருக்கும். அப்படியொரு காலையில் அன்றைய பட்டியல் எல்லா இடத்திலும் வெறுமையாக வந்தது. சேவையகம் (சேவையை நடத்தும் கணினி) முன்பதிவுகளுக்குக் 'காத்திருப்பில்' என்று ஒரு புதிய நிலையைச் சேர்த்திருந்தது. என்னிடமிருந்த நிரலகத்துக்கு மூன்று நிலைகள்தான் தெரியும். நாலாவதைக் கண்டதும் அந்த ஒரு பதிவை மட்டும் விட்டுவிடாமல், முழுப் பட்டியலையும் தள்ளிவிட்டது. பைகளோடு வாசலில் நின்றவர்களுக்கு எந்த அறை என்று சொல்ல முடியவில்லை. நடந்ததை விடுதிக்கார அண்ணாவுக்கு விளக்க என்னிடம் ஒரு தமிழ்ச் சொல் இருக்கவில்லை. அதனால்தான் இந்தச் சொல்லில் எனக்கு இவ்வளவு அக்கறை.

பொருத்தமின்மை மிகவும் அகலமான சொல். இரண்டு பதிப்புகள் சேராவிட்டாலும் அதைத்தான் சொல்கிறோம். விலகல் உயர்தரக் கணிதத்தில் நியம விலகலாக ஏற்கெனவே குடியிருக்கிறது. பாடபேதம், அதாவது ஒரே நூலின் படிகளுக்குள் சொற்கள் வேறுபடுவது, எனக்கும் பிடித்த சொல்தான், கிட்டத்தட்ட அதற்கே கையைத் தூக்கியிருப்பேன். ஆனால் ஏட்டுச்சுவடிகளில் பாடபேதம் பார்க்கிறவர்களுக்குப் பெரும்பாலும் மூல ஏடு கிடைப்பதில்லை, படிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள். நமக்கோ மூலம் உயிரோடு இருக்கிறது. சேவையகத்திடம் கேட்டால் இப்போதே பதில் சொல்லும். எனவே திரிந்திருப்பது படி என்று துணிந்து சொல்லலாம்.

திரிபு என்ற சொல்லைத் தேடிப் போனபோது, வேண்டிய வகைப்பாடும் அதனோடேயே கிடைத்தது. சொற்கள் புணரும்போது வரும் திரிபுகளைத் தொல்காப்பியம் மூன்றாகச் சொல்கிறது: மெய் பிறிதாதல், மிகுதல், குன்றல். சேவையகம் எடுத்துவிட்ட ஒரு செயற்கூறு நிரலகத்தில் இன்னும் இருந்தால் அது மிகுதல். எனக்கு நேர்ந்தது குன்றல், அங்கே உள்ளது இங்கே இல்லை. மிகவும் ஆபத்தானது பிறிதாதல்தான், ஏனென்றால் அது சத்தமே போடாது. சேவையகம் 9007199254740993 என்ற முன்பதிவு எண்ணை அனுப்புகிறது என்று வையுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம் அதைச் சாதாரண எண்ணாக வாசித்தால் 9007199254740992 ஆகிவிடும். 2இன் 53ஆம் அடுக்கைத் தாண்டிய முழு எண்களில் பலவற்றை அந்த வகையால் துல்லியமாகப் பிடித்துவைக்க முடியாது. பிழைச்செய்தி எதுவும் வராது, வேறொருவருடைய பதிவு திறக்கலாம்.

திரிபு எந்த இடத்தில் நுழைகிறது என்பதை இந்தச் சொல் சொல்லாது. சொல்லவும் வேண்டியதில்லை என்பது என் எண்ணம். சேவையகத்துக்கும் நிரலகத்துக்கும் நடுவில் ஓப்பன்ஏபிஐ விவரணம் (ஏபிஐ என்ன தரும், என்ன வாங்கும் என்று ஒரு பொது வடிவில் எழுதிய கோப்பு) இருக்கிறது, அதை வாசித்து நிரல் எழுதும் பிறப்பாக்கி இருக்கிறது. விவரணம் பழசாகியிருக்கலாம். அல்லது பிறப்பாக்கிக்கு அதன் மொழி விளங்காமலிருக்கலாம். ஓப்பன்ஏபிஐயின் 2017இல் வந்த 3.0 பதிப்பில், ஒரு புலம் (தரவின் ஒரு கட்டம்) மதிப்பே இல்லாமல் வெற்றாக வரலாம் என்று காட்டத் தனிக் குறி இருந்தது. 2021இல் வந்த 3.1 அந்தக் குறியை எடுத்துவிட்டு, வெற்றையும் வகைகளில் ஒன்றாகவே எழுதச் சொன்னது. 3.0 மட்டும் தெரிந்த பிறப்பாக்கிக்குப் புதிய விவரணத்தைக் கொடுத்தால் படி திரியத்தான் செய்யும்.

ஒரு மறுப்பை நானே எதிர்பார்க்கிறேன். படி என்றால் மாடிப்படி நினைவு வராதா? பிரதி என்பதுதானே அலுவலகங்களில் புழங்குகிறது? சரிதான். ஆனால் படியெடுத்தல் இன்னும் வழக்கில் இருக்கிறது, 'பிரதித்திரிபு' வாயில் தடக்குகிறது. படியும் திரிபும் சேரும்போது நடுவில் ஒரு த் மிகுந்து, சொல்லே தன் பொருளுக்கு உதாரணமாகிறது. எங்கள் ஊரைத் திருகோணமலை என்றும் திருக்கோணமலை என்றும் எழுதுகிறோம். ஒரு க் கூடினால் வாசிக்கிறவருக்கு ஊர் மாறாது, கணினிக்கு அவை இரண்டு ஊர். மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னதும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

பிழைச்செய்திகளைத் தமிழாக்குகிறவர்கள் இந்த வரிகளை ஒருமுறை போட்டுப் பார்த்து எழுதுங்கள்: "படித்திரிபு: சேவையகம் அனுப்பிய 'நிலை' மதிப்பு இந்த நிரலகத்தில் இல்லை. நிரலகத்தை மீளப் பிறப்பிக்கவும்."

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து