புதுப்பிப்பு: வீட்டு முன்புறத்து நீல ஊசியிலை மரம்

மிச்சிகனில் எங்கள் வீட்டு முன்புறம் நிற்கும் நீலச்சாயல் மரம் ஊசியிலை மர வகைகளான ஃபிர், ஸ்புரூஸ் இரண்டில் எது என்றும், அதன் கீழ்க்கிளைகள் ஏன் மொட்டையாகின்றன என்றும் முன்பு கேட்டிருந்தேன். விரலிடையே எளிதாக உருளும் நாற்பட்டை ஊசிகள், அவை உதிர்ந்த இடத்தில் சுள்ளியைச் சொரசொரப்பாக்கும் சிறு முளைகள், கீழ்நோக்கித் தொங்கும் கூம்புகள் ஆகியவற்றைக் கொண்டு இது ஸ்புரூஸ்தான் என்பது உறுதியாயிற்று. நிறத்தையும் கூம்பின் மெல்லிய, அலையலையான செதில்களையும் சேர்த்துப் பார்த்தால், ராக்கி மலைத்தொடரைத் தாயகமாகக் கொண்ட கொலராடோ நீல ஸ்புரூஸ்.

மொட்டைக்குக் காரணம் ரைசோஸ்பேரா என்னும் பூஞ்சை. உருப்பெருக்கியில் பார்த்தபோது, ஊசியின் சுவாசத் துளைகள் வெண்புள்ளிகளாக வரிசையாகத் தெரிய வேண்டிய இடத்தில் கறுப்புப் புள்ளிகள் துருத்தி நின்றன. புதுத்தளிர் பசுமையாக இருக்க, முந்தைய ஆண்டு ஊசிகள் மட்டும் ஊதா கலந்த பழுப்பாகி உதிர்வதும் இந்நோயின் அடையாளமே. வறண்ட மலைக்காற்றுக்குப் பழகிய மரத்தை ஈரம் தங்கும் ஊரில் நெருக்கி நட்டால் வேறென்ன நடக்கும்?

காய்ந்துபோன கிளைகள் மீண்டும் துளிர்க்காது என்பதால் அவற்றை வறண்ட நாளொன்றில் வெட்டிவிட்டு, புல்தரைத் தெளிப்பானின் நீர் ஊசிகளில் படாதவாறு திருப்பி வைத்தேன். வசந்தத்தில் தளிர் பாதி நீண்டதும் செம்புப் பூஞ்சைக்கொல்லி தெளிக்கவிருக்கிறேன். பக்கத்து வெற்றிடத்தில் செர்பிய ஸ்புரூஸை நடுவதாக முடிவு.