எர்த்சீ முடிவு உங்களுக்கு நிறைவாக இருந்ததா?

வணக்கம். அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவினின் நாவல்களைப் படித்தவர்கள் கொஞ்சம் கை கொடுங்கள். (கதை முடிவைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.)

அவருடைய எர்த்சீ என்ற மாயாஜால நாவல் வரிசையின் முதல் மூன்று புத்தகங்களைத் தங்கையிடம் கொடுத்திருந்தேன். மூன்றாவதை முடித்துவிட்டு, "இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்து இதுதானா?" என்று கோபித்துக்கொண்டாள். நியாயம்தான். வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே விழுந்த திறப்பை அடைக்க, கதாநாயகனான மந்திரவாதி கெட் தன் மந்திர சக்தி மொத்தத்தையும் செலவழித்துவிடுகிறார். அப்புறம் டிராகன் முதுகில் ஏறி ஊருக்குப் போய்விடுகிறார். அது 1972இல் வந்த நாவல். 1990இல் வந்த நான்காவதில் மனிதர் ஆடு மேய்க்கிறார்!

எனக்குப் பிடித்தது 2001இல் வந்த கடைசி நாவலின் முடிவு. உலகத்தையே புரட்டிப்போடும் சம்பவங்கள் முடிந்து கெட்டின் மனைவி டெனார் வீடு திரும்புகிறாள். நான் இல்லாதபோது என்ன செய்தாய் என்கிறாள். வீட்டைப் பார்த்துக்கொண்டேன் என்கிறார் கெட். காட்டுக்குள் நடந்தாயா? இன்னும் இல்லை. அவ்வளவுதான். முதல் முறை படித்தபோது பக்கம் ஏதும் கிழிந்திருக்கிறதோ என்று புரட்டிப் பார்த்தேன். இன்று அந்த "இன்னும் இல்லை"தான் மனதில் நிற்கிறது. ஆனால் எனக்கும் அது பிடிபட வருடக்கணக்கானது.

சரி, கேள்விக்கு வருகிறேன். இந்தச் சத்தமில்லாத முடிவுகள் உங்களுக்கு முதல் வாசிப்பிலேயே நிறைவு தந்தனவா? தங்கையை நான்காவதைப் படிக்கச் சொல்லலாமா, இல்லை கொஞ்ச நாள் ஆறப்போடலாமா? ஏமாற்றத்தில் பாதியில் விட்டவர்கள் யாராவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.