மூணு வாரப் பூனைக்குட்டிகள்: பால் எப்படி, கைமாற்றுவது எப்போ?

வடசேரி:
சந்தைப் பக்கம் அட்டைப்பெட்டியில் கிடந்த மூணு குட்டி இப்போ வீட்டில். தாய்ப்பூனை ராத்திரி முழுக்க வரலை. கண் திறந்திருக்கு, நடை தள்ளாடுது, முன்பல் இப்பதான் எட்டிப் பார்க்குது. எடை 310, 290, 240 கிராம். சின்னது மழையில் நனைஞ்சு சில்லுனு கிடக்கு, பால் குடிக்கலை. பசும்பாலில் தண்ணி கலந்து கொடுக்கலாமா? எப்போ வேற வீட்டுக்குக் கொடுக்கலாம்?

தக்கலை:
முன்பல் வந்தா சுமார் மூணு வாரம். சின்னதுக்கு இப்போ பால் வேண்டாம். குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. பால் வயிற்றிலேயே தங்கிடும், புரையேறினா நுரையீரலுக்குப் போகும். முதலில் துடைச்சு ஈரம் எடுங்க. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுத்தி பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைங்க, சூடு தாங்கலைன்னா குட்டி மறுபாதிக்கு நகரணும். வாய்க்குள்ள விரல் வைத்தா வெதுவெதுப்பு தெரிஞ்ச பிறகுதான் பால்.

பசும்பால் வேண்டாம், வயித்தால போகும். இந்த எடையில் வயித்துப்போக்குதான் ஆளைக் கொல்லும். பூனைக்குட்டிக்கான பால்பவுடர் வாங்குங்க. நாளைக்கு 100 கிராம் எடைக்கு 20 மி.லி. கணக்கு. 300 கிராம் குட்டிக்கு 60 மி.லி., அதை அஞ்சு வேளையாப் பிரிச்சா வேளைக்கு 12. அதுக்கு மேல ஊத்தாதீங்க. குப்புற இருக்கும்போதுதான் கொடுக்கணும்; மனுசக் குழந்தை மாதிரி மல்லாக்கப் போட்டா புரையேறும். பால் முடிஞ்சதும் ஈரப் பஞ்சால் பின்புறம் தடவி ஒண்ணுக்குப் போக வைங்க. தினமும் ஒரே நேரத்தில் சமையல் தராசில் எடை. நாளுக்கு 10 கிராமாவது ஏறணும். ஏறலைன்னா அன்னிக்கே மருத்துவர்.

குளச்சல்:
தெள்ளு இருக்கான்னு பாருங்க, ஈறு வெளிறியிருந்தா ரத்தம் போயிருக்கு. பேன்சீப்பால் வாரி சோப்புத் தண்ணியில் முக்குங்க. நாய்க்கான தெள்ளு மருந்தைத் தொடவே கூடாது. அதில் வரும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். காய்ச்சல்னு பாராசிட்டமால் கொடுப்பதும் அப்படியே. தரை துடைக்க டெட்டால் வேண்டாம். புழுமருந்து இப்பவே ஆரம்பிக்கணும், அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்லணும்.

நாலு வாரத்துக்குப் பிறகு குழைச்ச சாப்பாடு. நம்ம ஊர்ல கையில கிடைக்குறது சாளை (மத்தி) மீன்தான், ஆனா தினமும் சாளையே போட்டா வைட்டமின் ஈ குறைஞ்சு உடம்புக் கொழுப்பு வீங்கி வலிக்கும். கருவாடு உப்பு, வேண்டாம்.

வடசேரி:
நன்றி அக்கா, அண்ணா. வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கு. ஒரே அறையில் விடலாமா?

குளச்சல்:
விடாதீங்க. குறைந்தது 14 நாள் தனி அறை, தனிச் செருப்பு, தனித் துணி. வாந்தி, சோர்வு வர வைக்கிற பூனைப் பார்வோ வைரஸ் மாசக்கணக்கா தரையில் உயிரோட கிடக்கும், சாதா சோப்புக்கு அசையாது. ப்ளீச்சிங் திரவம் ஒரு பங்கு, தண்ணி 30 பங்கு, பத்து நிமிஷம் ஊறணும், பிறகு கழுவிக் காய வைங்க. வாந்தியும் சோர்வும் சேர்ந்து வந்தா மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். குட்டி வெளிக்குப் போற மண்தட்டுக்குக் கட்டி பிடிக்கிற மணல் வேண்டாம், குட்டி தின்னுடும். கிழிச்ச பேப்பர் போதும். கடிச்சாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடுற தண்ணியில் 15 நிமிஷம் கழுவிட்டு, அரசு ஆஸ்பத்திரியில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கோங்க.

மார்த்தாண்டம்:
கைமாற்றுவது எட்டு வாரம் முடிஞ்சு, முதல் தடுப்பூசி போட்ட பிறகு. அதுக்கு முன்னால் போனா கடிக்கக் கூடாதுன்னு கூடப்பிறந்ததுகிட்ட கத்துக்க முடியாது. ரெண்டை ஒரே வீட்டுக்குக் கொடுக்க முடிஞ்சா நல்லது. எலி பிடிக்கத்தான் கேட்கிறாங்கன்னா, வீட்டில் எலிமருந்து வைக்கிறாங்களான்னு கேளுங்க. மருந்து தின்ன எலியைத் தின்னா பூனையும் போகும்.

கருத்தடையை வாய்ச்சொல்லா விடாதீங்க. பெட்டைக்கு நாலு மாசத்திலேயே சினை பிடிக்கும், சுமார் 65 நாளில் குட்டி, திரும்பவும் அட்டைப்பெட்டி. ஊசி அட்டையின் பின்பக்கம் அறுவை செய்யும் மாசத்தை எழுதிக் கையெழுத்து வாங்கி, ஒரு படம் எடுத்து வைங்க.