பழைய சைக்கிளைப் பிரித்தபோது வந்து நின்றவர்கள்

பழைய சைக்கிள்களோடு மல்லுக்கட்டிய நான்கு பேர் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டது இது.

ஸ்ரீரங்கத்திலிருந்து:

பழைய சைக்கிளைப் புதுப்பித்த கதையை எழுதச் சொன்னால் பலரும் பெயிண்டில் ஆரம்பித்துப் பெயிண்டிலேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு, வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தபோது வாசலில் வந்து நின்றவர்களைப் பற்றிச் சொல்லத்தான் ஆசை. ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டால் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சைக்கிள் என்றால் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. பாதிப் பேர் சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கிறது.

என்னிடம் வந்தது ஒரு ராலே கம்பெனி சைக்கிள். காயலான் கடையில் எடைக்குப் போட்டிருந்தார்கள். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் பிரேக்), சீட்டில் தோல் போய் வெறும் ஸ்பிரிங். செயின் சக்கரத்தின் நடுவில் ராலேயின் சின்னமான நாரைத் தலைகள் மட்டும் துருவுக்குள்ளும் தெளிவாகத் தெரிந்தன. முன்சக்கரத்தில் 32 ஆரக்கம்பி, பின்சக்கரத்தில் 40. ஆளும் மூட்டையும் பின்னால்தானே ஏறுகின்றன, அதற்கேற்ப அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் போட்ட கணக்கு அது. நம் ஊர்க் கறுப்பு சைக்கிள்களும் அதையே பிடித்துக்கொண்டன.

கிராங்கை, அதாவது பெடல் மாட்டும் தண்டை, அச்சோடு இறுக்கிப் பிடித்திருப்பது காட்டர் பின். ஒரு பக்கம் சரிவாகச் சீவிய சிறு இரும்பு முளைதான். ஆனால் துருவேறிவிட்டால் அசையாது. நான் சுத்தியலோடு உட்கார்ந்திருந்ததை எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் வடக்குத் தெருப் பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். எழுந்து வந்து, "தம்பி, சுத்தியலைக் கீழே வையுங்கள். மண்ணெண்ணெய் இருக்கிறதா?" என்றார்.

ஓர் இரவு முழுக்க ஊறட்டும் என்று சொல்லிவிட்டுப் போனவர், மறுநாள் ஒரு துண்டு ஜி.ஐ. பைப்போடு வந்தார். அதைத் தரையில் நிறுத்தி, கிராங்கின் அடியில் பின் வெளியேறும் துளைக்கு நேராக முட்டுக் கொடுத்தார். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் அச்சு வழியாக, அதைத் தாங்கும் கப்புக்குள் இருக்கும் குண்டுகள் மேல் இறங்கும், கப்பில் பள்ளம் விழுந்துவிடும், பிறகு எத்தனை கிரீஸ் வைத்தாலும் கரகரப்புப் போகாது என்றார். நட்டைக் கழற்றி எடுக்காமல் பின்னின் நுனியோடு சமமாக நிறுத்தினார். மரை நசுங்காமல் இருக்க. பொத்திப் பொத்திப் பத்து தட்டுத் தட்டுவதைவிட நிதானமாக ஓங்கி ஒரே அடி. பின் நகர்ந்தது.

குண்டு போடும்போதும் அவரோடு வாதம். நான் கூண்டோடு கூடிய குண்டு வாங்கி வைத்திருந்தேன். "கூண்டை எறியுங்கள். பக்கத்துக்கு 11 உதிரிக் குண்டு, கால் அங்குலம். கூண்டு அடைத்துக்கொள்கிற இடத்தில் இரண்டு குண்டு கூடுதலாக உட்காரும், பாரம் பிரியும்." அவர் சொன்னதுதான் நடந்தது.

ஹேண்டில் கழுத்தருகே பெயிண்டுக்கு அடியில் ஏதோ மேடு தட்டுப்பட்டது. சுரண்டிப் பார்த்தால் நகராட்சி வரி வில்லை. இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: சைக்கிளுக்கும் வருடா வருடம் வரி கட்டி வில்லை வாங்கி மாட்டிய காலம் ஒன்று இருந்தது. வில்லை இல்லாமல் பிடிபட்டால் அபராதம். சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் இறங்கிச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு போவதுதான் வழக்கம் என்று பெரியவர் சிரித்தார். பிரேம் முழுவதையும் உரித்து, பவுடர் கோட்டிங்குக்கு அனுப்புவது என் திட்டம். அந்த வில்லைக்குப் பிறகு அனுப்ப மனம் வரவில்லை. செயின் கவரில் யாரோ ஒரு போர்டு எழுதும் கலைஞர் மஞ்சளில் எழுதிய இனிஷியல்களும் அப்படியே இருக்கின்றன. துருவை மட்டும் எடுத்து எண்ணெய் துடைத்து நிறுத்தியிருக்கிறேன். பெரியவர் கூலி கேட்டு வாங்கிக்கொண்டார். இலவசமாகச் செய்திருந்தால் அடுத்த முறை கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

யாழ்ப்பாணம், கோண்டாவிலிலிருந்து:

பெயிண்டை உரிக்காமல் விட்டது நல்லது. எங்கள் வீட்டில் இருப்பதும் றலிதான் (நீங்கள் ராலே என்கிறீர்கள்), அப்பாவுடையது. எங்கள் பக்கத்தில் றலி, ஹம்பர், றட்ஜ் என்று கம்பனிப் பெயரைச் சொல்லித்தான் சைக்கிளைக் குறிப்பிடுவார்கள். உள்நாட்டு லுமாலா வந்தது பிறகு. ரயர், ரியூப், சங்கிலி எல்லாம் மாற்றி, முன் கவட்டில் இருந்த டைனமோவையும் அதன் கிளிப்பையும் கழற்றிக் குப்பைப் பெட்டிக்குள் போட்டிருந்தேன். வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு ஐயா உள்ளே வந்து, பெட்டிக்குள் கையை விட்டு அதை எடுத்துக்கொண்டார்.

"இதிலேதான் நாங்கள் செய்தி கேட்டது" என்றார்.

1990இல் மின்சாரம் நின்றது. பற்றரி, பெற்றோல் எதற்கும் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின் சில்லில் டைனமோவை முட்டவிட்டு, ஒருவர் பெடலைச் சுற்ற, வயர் றேடியோவுக்குப் போகும். குடாநாடு முழுவதும் செய்த வேலை இது. எங்கள் ஒழுங்கையில் அப்பா டைனமோவுக்கும் றேடியோவுக்கும் நடுவில் ஒரு டயோட்டும் கொண்டென்சரும் வைத்து ஒட்டியிருந்தாராம். பிபிசி தமிழோசை தொடங்கினால் பெடல் சுற்றுகிற பொடியன் பேசக் கூடாது, ஏனென்றால் பேச்சுச் சுவாரசியத்தில் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் அமிழ்ந்துவிடும். சரியாக ஆட்கள் செத்த இடத்தின் பெயர் வருகிறபோது குரல் அமிழ்ந்து, சுற்றியவனுக்குக் குட்டு விழுந்த இரவும் உண்டு. இதைச் சொல்லிவிட்டு ஐயா கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின் கவட்டில் அது பிடித்திருந்த இடமும் முன் கவட்டில் பிடித்த இடமும் இரண்டும் தேய்ந்திருப்பதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. செய்தி நேரத்துக்குப் பின்னுக்கும், இரவு ஓட்டத்துக்கு முன்னுக்குமாக அதை மாற்றி மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள்.

கீழ்ப் பாரில் பித்தளையால் ஒட்டிய ஒரு வெடிப்பும் இருக்கிறது. விறகும் வெங்காய மூட்டையும் ஏற்றித் இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போன காலத்து வெடிப்பு. மேலே பூசியிருந்த கறுப்பைச் சுரண்டி, அந்தப் பித்தளை தெரியும்படியே விட்டிருக்கிறேன். டைனமோ மறுபடியும் பூட்டியாகிவிட்டது. பாரமாக இருக்கிறது, மேட்டில் இழுக்கிறது. யாழ்ப்பாணத்தில் மேடு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள், எதிர்காற்று இருக்கிறதே.

கோவை, பீளமேட்டிலிருந்து:

இங்கே எல்லோரும் பழையதைக் காப்பாற்றுகிறீர்கள். நான் குழாய் வாங்கிப் புதிதாகப் பிரேம் கட்டுகிறவன், ஆகவே கொஞ்சம் எதிர்க்கட்சி. ஆனால் நான் சந்தித்தவரும் உங்கள் பெரியவரின் ஜாதகம்தான்.

பம்ப், மோட்டார், லேத் பட்டறை நிறைந்த ஊர் இது. எந்த உதிரிபாகத்தையும் கடைந்து வாங்கிவிடலாம். எனக்கு வேண்டியிருந்தது கேஸ் வெல்டிங் தெரிந்த கை. சைக்கிள் பிரேமில் குழாயும் குழாயும் சேரும் இடத்தில் லக் என்ற எஃகுக் கூடு இருக்கும். குழாயை அதற்குள் செருகி, குழாய் உருகாமல், பித்தளையோ வெள்ளிக் கலவையோ மட்டும் உருகி இடுக்கில் ஓடும்படி பற்றவைக்க வேண்டும். பித்தளைக்கு ஏறத்தாழ 900 டிகிரி, வெள்ளிக்கு 650லிருந்து 700. மெல்லிய குழாய்க்கு வெள்ளி நல்லது என்பது என் கட்சி. நான் பிடித்த வெல்டர் ஆயுள் முழுக்கப் பித்தளையும் வெங்காரமும் வைத்து வேலை செய்தவர். வெள்ளி விலையைக் கேட்டுவிட்டு, "வண்டிக்கா, மூக்குத்திக்கா?" என்றார்.

ஆனாலும் அவர் முதலில் கையில் எடுத்தது டார்ச்சை அல்ல, நான் அரத்தால் ராவிக் கொண்டுபோன குழாயை. மீன்வாய் மாதிரி வளைத்து வெட்டிய அந்த முனையை அடுத்த குழாயின் மேல் வைத்து டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஒரு பக்கம் வெளிச்சம் கசிந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடி ராவி எடுத்துப்போனால் மறுபடி வெளிச்சம். "முடி நுழையலாம், காகிதம் நுழையக் கூடாது" என்பது அவர் வைத்த அளவு. வெள்ளிக்கு வேண்டிய இடைவெளியும் ஏறத்தாழ அதுதான். வெள்ளியில் வேலையே செய்யாதவர் அதைச் சரியாகச் சொன்னார் என்பதை இன்றும் நினைத்து வியக்கிறேன்.

பற்றவைப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மூட்டில் தடவிய பசை (ஃபிளக்ஸ்) முதலில் வெள்ளையாகப் பொரியும். பிறகு திடீரென்று தண்ணீர் மாதிரித் தெளியும். அதுவரை வெள்ளிக் கம்பியை மூட்டில் வைக்கக் கூடாது. தெளிந்த பிறகும் தீயைக் கம்பியில் காட்டக் கூடாது, லக்கில்தான் காட்ட வேண்டும். சூடு எங்கே போகிறதோ வெள்ளி அங்கே ஓடும். லக்கின் மறு ஓரத்தில் ஒரு மெல்லிய பளபளப்புக் கோடு எட்டிப் பார்த்தால் உள்ளே முழுவதும் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கோடு வந்ததும் வெல்டர், "சரி, மூக்குத்திதான்" என்று ஒப்புக்கொண்டார்.

குழாயைப் பற்றி ஒன்று. ரெனால்ட்ஸ் 531 என்று உருகுகிறவர்கள் பலர். 1935இல் பர்மிங்காமில் வந்த மாங்கனீஸ் மாலிப்டினம் எஃகு அது, அருமையான பொருள், மறுக்கவில்லை. சூடு படுகிற இரு முனைகளிலும் தடிப்பாகவும் நடுவில் மெலிதாகவும் இழுக்கும் உத்தி அதற்கும் முந்தையது. அந்தக் காப்புரிமை 1897ஆம் ஆண்டிலேயே வாங்கப்பட்டது. இருந்தாலும் முதல் பிரேமுக்கு அதை வாங்குவது பணத்தை டார்ச்சில் காட்டுவதற்குச் சமம். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியதிலிருந்து நாம் ஓட்டிய ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் சாதாரண எஃகுதான், இரண்டு தலைமுறையைச் சுமந்தன. உள்ளூர்க் குழாயில் கை பழகட்டும்.

நேர் பார்க்கக் கொத்தனார் நூலே போதும். பின்சக்கரம் உட்காரும் ஒரு காதில் கட்டி, முன் கழுத்துக் குழாயைச் சுற்றி, மறு காதுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட்டுக் குழாயிலிருந்து இரண்டு பக்க நூலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும்.

லண்டன், ஈஸ்ட்ஹாமிலிருந்து:

இங்கே ராலேக்கு நாங்கள் அலைய வேண்டியதில்லை, வீட்டுக் கொட்டகைகளில் தூங்குகின்றன. என்னிடம் இருப்பது மூன்று கியர் ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் வைத்த ஒன்று, கியரெல்லாம் பின்சக்கர நடுவிலுள்ள அந்த ஹப்புக்குள்ளேயே. ஹப்பின் மேலேயே 58 என்று பொறித்திருக்கிறது, அதுதான் அது செய்த வருடம். அந்த கம்பெனி 2000இல் தைவான்காரர்கள் கைக்குப் போனது. இருந்தும், இன்று அங்கே செய்கிற பல பாகங்கள் இந்தப் பழைய ஹப்புக்குள் சரியாக உட்காருகின்றன.

என் வாசலில் வந்து நின்றவர் ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய பக்கத்து வீட்டுப் பெரியவர். சிறுவயதில் அவர் ஊரில் கம்பி பிரேக் ராலே ஓட்டியிருக்கிறார். என் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழலவிட்டு, காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். பெடலைச் சுற்றும்போது இரண்டாம், மூன்றாம் கியரில் டிக் டிக் என்று கேட்க வேண்டும், ஒன்றில் மௌனம் என்றார். பிறகு கியரை இரண்டில் வைத்து, அச்சின் நட்டில் இருக்கும் சிறு துளை வழியாக உள்ளே பார்க்கச் சொன்னார். கியர் கேபிளின் சிறு சங்கிலி பொருத்திய கம்பியின் தோள் அச்சு முனையோடு சமமாக நிற்க வேண்டும். என்னுடையது கொஞ்சம் உள்வாங்கி இருந்தது. திருகைச் சற்றே இறுக்கியதும் சரியாயிற்று. அதன் பிறகு அவருடைய மனைவி அனுப்பிய இஞ்சி கேக்கையும் என் மனைவி அனுப்பிய வடையையும் வைத்துக்கொண்டு, முன் பிரேக்கைப் பற்றி நீண்ட நேரம் சண்டை போட்டோம். மழையில் கம்பி பிரேக் பிடிக்காது என்பதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

ஸ்ரீரங்கத்து நண்பருக்கு ஒரு வேண்டுகோள். உங்களுடையது நாட்டிங்காமில் செய்த ராலே என்றால் கப் மரை அங்குலத்துக்கு 26 இருக்கும். மற்ற வண்டிகளில் பொதுவாக 24. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான், மாற்றித் திருகினால் பிரேமின் மரையே போய்விடும். உங்கள் பெரியவரின் பழைய கடைச் சாமான்களில் 26 மரை கப் ஒரு ஜோடி கிடைத்தால் எனக்கு ஒதுக்கி வையுங்கள். அவர் கேட்கிற விலையும் தபால் செலவும் நான் தருகிறேன்.